பெயரைத் திருத்தாதீர், வரலாற்றைப் படியுங்கள்! – மலாக்கா செட்டிகளின் குடும்பப்பெயர்கள்



'குடும்ப மரம்' என்னும் செயல்திட்டத்தைப் பள்ளிகளில் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் தருகிறோம். பாட்டன், பாட்டி, தந்தை, தாய் எனப் பெயர்களை வரிசையாக எழுதி, படங்களை ஒட்டி, வண்ணம் தீட்டிக் கொண்டு வருகிறார்கள். நாமும் புள்ளி வழங்கிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். அந்த மரத்தில் எழுதப்பட்ட பெயர்களைப் பற்றி ஒரு சொல்லேனும் பேசுகிறோமா? பெரும்பாலும் இல்லை. பேச நேர்ந்தாலும் நாம் சொல்வதில் பாதி பிழையாக இருக்கிறது.

இதனை ஏன் எழுதுகிறேன் என்றால், மலாக்கா செட்டிகளின் குடும்பப்பெயர்களைப் பற்றி நம்மவரிடையே சில கருத்துகள் மிகத் துணிவாகச் சொல்லப்படுகின்றன. பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாச்சி, முதலியார், பத்தர், ராஜா எனத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் சுமந்துவரும் பெயர்களைக் கண்டதும், "இவை சாதிப்பட்டங்கள்தாமே? இன்னுமா விடவில்லை?" என்று கேட்பவர் ஒருசாரார். "தமிழே பேசத் தெரியாதவர்களுக்குத் தமிழ்ப்பெயர் எதற்கு?" என்று நகைப்பவர் மற்றொரு சாரார். "செட்டி என்றால் வட்டிக்கடைச் செட்டியார்தாமே?" என்று முடித்துவிடுபவர் இன்னொரு சாரார். "இணையத்தில் தேடிப் பார்த்தேன், அந்தப் பெயர்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன, அரிய பெயர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கணக்குக் காட்டுபவரும் உளர்.

இந்நான்கு கருத்துகளுமே தவறு என்பது என் துணிபு. அவற்றைப் பள்ளிக்குள் கொண்டுவருவது அதனினும் பெரிய தவறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. செட்டி என்றால் செட்டியாரா?

முதலில் வரலாற்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். மலாக்கா, சுல்தான்களின் ஆட்சியில் 15ஆம் நூற்றாண்டில் கீழைக்கடலின் பெருஞ்சந்தையாக விளங்கியது. சோழமண்டலக் கரையிலிருந்து துணியும் பிற சரக்கும் ஏற்றிவந்த தமிழ் வணிகர்கள் பருவக்காற்றுக்காகக் காத்திருந்தனர். காத்திருந்தவர்களில் பலர் அங்கேயே தங்கினர். மலாய், சாவகம், பத்தாக், சீனம் எனப் பல இனப் பெண்களை மணந்தனர். பிறந்த பிள்ளைகள் மலாய்மொழி பேசினர். சிவநெறியையும் தந்தையின் பெயரையும் விடாது காத்தனர். அவர்களே மலாக்கா செட்டிகள். இந்தியப் பெரானாக்கான் என்றும் வழங்கப்படுவோர்.

1511இல் அல்போன்சோ டி அல்புகெர்க்கு மலாக்காவைக் கைப்பற்றியபோது தமிழ் வணிகர்கள் அந்நகரில் செல்வாக்கு மிக்கவராக இருந்தனர். அவர்களுள் ஒருவரைப் போர்த்துகீசியர் 'நினா சாத்து' என்று தம் ஏடுகளில் பதிந்துள்ளனர். அவரையே பெண்டஹாரா பதவியிலும் அமர்த்தினர். 1514இல் அப்பதவி அவரிடமிருந்து பறிக்கப்பட்டு வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டபோது, மானம் இழந்து வாழ விரும்பாமல் அவர் தீயில் இறங்கி உயிர்விட்டார் என்பதையும் அவர்களே எழுதிவைத்துள்ளனர். தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. ஆனால் அவர் பெயரை இன்று தமிழில் எழுத முயலுங்கள். 'நினா' என்பதில் நயினாரைக் காண்பவர் உளர். 'சாத்து' என்பதில் செட்டியைக் காண்பவர் உளர். எழுதியவன் காது போர்த்துகீசியக் காது. பெயரைத் தாங்கியவர் நாவில் அது எப்படி ஒலித்தது என்பதை அந்த எழுத்து காட்டவில்லை. ஒரு பெயர் தவறாகப் பதியப்பட்டால் 500 ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் உரியவரை நாம் தடவித் தடவித்தான் தேட வேண்டும். இதனை நினைவில் நிறுத்துங்கள், பின்னர் தேவைப்படும்.

1641இல் ஒல்லாந்தர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்தில் ஒவ்வோர் இனத்திற்கும் கப்பித்தான் என்னும் தலைவர் இருந்தார். செட்டிகளின் தலைவராக விளங்கிய தெய்வநாயகம் செட்டி, ஒல்லாந்தர் வழங்கிய நிலத்தில் 1781இல் சிறீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தை எழுப்பினார். நம் நாட்டில் இன்றும் வழிபாட்டில் உள்ள மிகப் பழைய இந்து ஆலயங்களுள் அது ஒன்று. அது நிற்கும் தெருவுக்குத் துக்காங் எமாஸ் சாலை, அதாவது பொற்கொல்லர் தெரு, என்று பெயர்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் மலாயாவுக்குப் பெருமளவில் வந்தது 19ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில். பணம் கொடுக்கல் வாங்கல் அவர்கள் தொழில். மலாக்கா செட்டிகளோ அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வேரூன்றத் தொடங்கிவிட்டனர். வந்த காலம் வேறு, தொழில் வேறு, மொழி வேறு. 'செட்டி' என்னும் சொல் மட்டும் இரு பக்கத்திலும் இருக்கிறது. அச்சொல்லுக்கு வணிகன் என்பதே பொருள். துறைமுகத்து மக்கள் வணிகர் கூட்டம் முழுவதையும் அவ்வாறு அழைத்தனர். அழைப்புப்பெயர் இனப்பெயராக நிலைத்தது.

இதற்குச் சான்று அவர்களுடைய குடும்பப்பெயர்களே. செட்டி என்பது அவர்களின் ஒரே சாதியாக இருந்திருந்தால், அதே ஊரில், அதே கோயிலில், அதே உறவுக்குள் பிள்ளையும் நாயக்கரும் படையாச்சியும் பத்தரும் எப்படி வந்தனர்? பத்தர் என்பது பொற்கொல்லரின் பட்டம். படையாச்சி என்பதில் படை நிற்கிறது. நாயக்கர் என்பது விசயநகர ஆட்சிக்காலத்தில் தமிழகம் முழுதும் பரவிய பட்டம். வணிகனோடு கணக்கனும் கொல்லனும் காவலனும் கப்பலேறி வந்தனர் என்பதைத்தான் இப்பெயர்ப்பட்டியல் நமக்குச் சொல்கிறது. இப்பட்டியலே ஒரு சிறு கல்வெட்டு. அதனைப் படிக்கத் தெரியாமல் "எல்லாரும் செட்டியார்தாம்" என்று ஒற்றை வண்ணம் பூசுவது அறியாமை.

2. சாதிப்பட்டம்தானே, நீக்கிவிடலாமே?

இது நான் மதிக்கும் கேள்வி. இக்கேள்வியைக் கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள். ஆகவே நேர்மையாக விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

1929இல் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. தந்தை பெரியார் தம் பெயரிலிருந்து நாயக்கரை நீக்கினார். அதே ஆண்டின் இறுதியில் அவர் மலாயாவுக்கும் வந்தார். அந்த அலை இங்கும் அடித்தது. தோட்டத்துத் தமிழர் பலரும் தம் பிள்ளைகளின் பெயரில் பட்டம் சேர்க்காமல் விட்டனர். இன்று நம் வகுப்பறை வருகைப் பதிவேட்டில் சாதிப்பட்டங்களை அரிதாகவே காண்கிறோம் என்றால் அந்த இயக்கத்திற்கு அதில் பெரும் பங்குண்டு. அதனை நான் போற்றுகிறேன். திருமண அழைப்பிதழ்களில் மீண்டும் பட்டங்கள் தலைகாட்டுவதைக் கண்டு வருந்துபவர்களுள் நானும் ஒருவன். தம் பாட்டன் விட்டொழித்ததைப் பேரன் பெருமை என்று எடுத்து ஒட்டிக்கொள்வது வெட்கக்கேடு. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் சாதிப்பட்டம் எதனால் தீமையானது? எழுத்துகளினாலா? இல்லை. அது ஒருவனை உயர்த்தி ஒருவனைத் தாழ்த்துகிறது. யாரை மணக்கலாம், யாரோடு உண்ணலாம் என்று வேலி போடுகிறது. அவ்வேலியே தீமை. மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். அவர்களின் முதல் தலைமுறையே வேற்றினப் பெண்களை மணந்து உருவான தலைமுறை. குலத்தூய்மை பேசுபவனுக்கு அந்த வீட்டில் இடமே கிடையாது. மிகச் சிறிய கூட்டமாக நூற்றாண்டுகள் வாழ்ந்த அவர்கள், பிள்ளை பிள்ளையை மட்டுமே, படையாச்சி படையாச்சியை மட்டுமே மணந்திருந்தால் என்றோ இல்லாமல் போயிருப்பர். அங்கே படையாச்சி என்றால் இன்னாரின் வழித்தோன்றல் என்று பொருள், அவ்வளவே. வேலி விழுந்துவிட்டது, வேலிக்கால் ஒன்று மட்டும் நிற்கிறது. அதனைப் பிடுங்கி எறிவதால் சமத்துவம் வளராது. இங்கு ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கான அடையாளம் மட்டுமே அழியும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பட்டத்தைத் துறந்த பெரியவர்கள் தம் பெயரிலிருந்து தாமே துறந்தனர். அது துறவு. பிறர் பெயரிலிருந்து நாம் பிடுங்குவதற்கு என்ன பெயர்? சீன நண்பரிடம் போய், "உங்கள் குலப்பெயரை விட்டுவிடுங்கள்" என்று சொல்வோமா? மலாக்கா போர்த்துகீசியக் குடியிருப்பில் வாழ்பவரிடம், "டி கோஸ்தா எதற்கு?" என்று கேட்போமா? கேட்கமாட்டோம். செட்டிகளிடம் மட்டும் கேட்கிறோம். "நம்மவர்" என்னும் உரிமையில் கேட்கிறோம். அதே வாய்தான் அடுத்த நொடியில் "இவர்கள் தமிழரா?" என்றும் கேட்கிறது!

3. தமிழ் பேசாதவருக்குத் தமிழ்ப்பெயர் எதற்கு?

நான் தமிழாசிரியர். தமிழ் வாழ வேண்டும், தமிழ்ப்பள்ளி வாழ வேண்டும் என்பதில் எவருக்கும் பின்னிற்பவன் அல்லன். அதனாலேயே இக்கேள்வி என்னைச் சினங்கொள்ள வைக்கிறது.

மொழி போனபின்னும் ஒரு கூட்டம் எதைக் காத்திருக்கிறது என்று பாருங்கள். காஜா பேராங்கில் உள்ள கம்போங் செட்டிக்குப் போய்ப் பாருங்கள். மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். பொங்கலுக்கு முதல் நாள் வீட்டில் வாழையிலை விரித்து, மறைந்த முன்னோருக்குச் சோறும் கறியும் பலகாரமும் படைக்கிறார்கள். அதற்குப் 'பார்ச்சு' என்று பெயர். பழங்கள் விளையும் ஆண்டின் நடுப்பகுதியில் பழங்களை வைத்து இன்னொரு முறை படைக்கிறார்கள். பெண்கள் கெபாயா உடுத்தியிருப்பர். பேச்சு மலாயாக இருக்கும். நெற்றியில் திருநீறு இருக்கும். பெயரைக் கேட்டால் பிள்ளை என்பர், நாயக்கர் என்பர்.

மொழி போயிற்று. பெயர் நின்றது, வழிபாடு நின்றது, முன்னோரை அழைத்து உணவிடும் கடமை நின்றது. போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வந்து போன 400 ஆண்டுகளுக்கு மேல் இவை நின்றிருக்கின்றன. நாம் வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின? நூறு, நூற்றைம்பது. இதற்குள் நம் வீடுகளிலேயே எத்தனைப் பிள்ளைகள் பாட்டியோடு தமிழில் பேச முடியாமல் நிற்கின்றனர்? கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்ட தமிழ்க்குடும்பங்கள் எத்தனை? நம் கொள்ளுப்பேரர்கள் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு எதைக் காத்து வைத்திருப்பார்கள் என்று உறுதி கூற நம்மால் முடியுமா? முடியாதெனில், காத்து வைத்திருப்பவரைப் பார்த்து நகைக்கும் தகுதி நமக்கு இல்லை.

தமிழைப் பேசுவோரே தமிழர் என்று வரையறுப்பதால் தமிழ் வளர்ந்துவிடாது. தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1860இல் சென்னையிலிருந்து முதற்கப்பல் டர்பன் சேர்ந்தது. அங்குள்ள தமிழ் வழியினர் பெரும்பாலோர் இன்று ஆங்கிலமே பேசுகின்றனர். ஆனால் கவுண்டர் 'கோவெண்டர்' ஆகி நிற்கிறார். முதலியார் 'மூட்லி' ஆகி நிற்கிறார். பிள்ளையும் படையாச்சியும் அப்படியே இருக்கின்றனர். ரியூனியன் தீவில் பிரெஞ்சு பேசுவோரிடையே வீராப்புள்ளே என்னும் குடும்பப்பெயரைக் கேட்டால் நமக்கு வீரப்பிள்ளை காதில் விழவில்லையா? உலகத் தமிழ் மாநாடுகளில் அவர்களை மேடையேற்றி மாலை சூட்டுகிறோம். தைப்பிங்கிலிருந்து நான்கு மணி நேரப் பயணத்தில் இருப்பவரை மட்டும் "தமிழ் தெரியாதவர்" என்கிறோம். தொலைவில் இருந்தால் பெருமை, அருகில் இருந்தால் ஏளனம்! இது என்ன நியாயம்?

4. இணையக் கணக்கு சொல்லும் பொய்

இனி எண்ணிக்கைக்கு வருவோம். குடும்பப்பெயர்கள் எந்த நாட்டில் எத்தனை பேருக்கு உள்ளன என்று காட்டும் இணையத்தளங்கள் பல இருக்கின்றன. மாணவர்கள் அவற்றிலிருந்து அச்செடுத்து வந்து செயல்திட்டத்தில் ஒட்டுகிறார்கள். நாமும் "நல்ல முயற்சி" என்று எழுதுகிறோம். பெயரை எண்ணுவது மக்களை எண்ணுவதாகுமா என்று நாம் கேட்பதில்லை.

பிள்ளை என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். மலாக்கா செட்டி வீட்டில் பிள்ளை இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து இரயில்வே வேலைக்கு வந்தவர் பெயரிலும் பிள்ளை வரும். தஞ்சையிலிருந்து தோட்டத்திற்கு வந்தவர் வீட்டிலும் பிள்ளை உண்டு. கேரளத்தவரும் அப்பட்டம் உடையவர். 1819இல் இராபிள்சுடன் சிங்கப்பூர் வந்து மாரியம்மன் கோயிலுக்கு வழிவகுத்தவர் நாராயண பிள்ளை. தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகள் மிகப் பலர். ஆக, 'பிள்ளை' என்று தேடினால் வரும் எண், ஐந்தாறு வேறுபட்ட வரலாறுகளின் கூட்டுத்தொகை. அதைக் கொண்டு "இது அரிய பெயர் அன்று" என்று முடிவு கட்டுவது, ஊரில் உள்ள எல்லாக் குமாரையும் உடன்பிறந்தவர் என்று எண்ணுவதற்கு ஒப்பாகும்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் பிள்ளையின் இறுதியில் 'ஐ' இடுபவர் உளர், 'ஒய்' இடுபவர் உளர். மலாக்காவில் செட்டியை முதலில் 'ஐ' இட்டு எழுதுவர். படிப்பவர் 'சிட்டி' என்று படிப்பர். பிற இடங்களில் 'ஈ' இடுவர். கணினிக்கு இவை வெவ்வேறு பெயர்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு கணக்கில் விழுவர். தொடர்பே இல்லாதவர் ஒரே கணக்கில் சேர்வர்.

மூன்றாவது சிக்கல் நம் நாட்டுக்கே உரியது. நமக்குப் பெரும்பாலும் குடும்பப்பெயர் என்பதே இல்லை. தந்தையின் பெயரே நம் பெயரோடு ஒட்டிவரும். 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் சொற்கள் இடையில் நிற்கும். அடுத்த தலைமுறையில் அப்பெயரும் மாறிவிடும். மலாக்கா செட்டிகளுக்கோ இரண்டும் உண்டு: மகன் பெயரோடு பட்டம், தந்தை பெயரோடும் அதே பட்டம். அயல்நாட்டுப் படிவங்களில் 'குடும்பப்பெயர்' என்ற கட்டத்தைக் கண்டால் நாம் தந்தை பெயரை எழுதி நிரப்புகிறோம். இணையத்தளம் அதையும் ஒரு குடும்பப்பெயராக எண்ணுகிறது. முருகன் என்றும் சுப்பிரமணியம் என்றும் 'குடும்பங்கள்' பிறக்கின்றன! அடுத்த தலைமுறையில் அவை மறைந்து புதியவை தோன்றுகின்றன. இத்தகைய கணக்கிலிருந்து மலேசியத் தமிழரின் வேரை எவ்வாறு தேடுவது?

பெயர் ஏன் மறைகிறது?

கம்போங் செட்டியில் இன்று வாழ்பவை சில பத்துக் குடும்பங்களே. வேலைக்காகவும் படிப்புக்காகவும் பலர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்துவிட்டனர். சிங்கப்பூரில் அவர்களுக்கெனச் சங்கம் உண்டு. 2018இல் இந்திய மரபுடைமை நிலையம் அவர்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றையும் நடத்தியது. இருப்பினும் பெயர்கள் அருகி வருகின்றன. மக்கள் மறைவதால் மட்டும் இது நேரவில்லை. பெயர் செல்லும் வழியே குறுகியது என்பதாலும் நேர்கிறது.

1870களில் பிரான்சிஸ் கால்டன், ஹென்றி வாட்சன் என்னும் ஆங்கிலேயர் இருவர் இதனைக் கணிதமாக ஆராய்ந்தனர். அதன் கருத்தை ஆறாம் ஆண்டு மாணவரும் விளங்கிக்கொள்ளலாம். பெயர் மகன்வழியே மட்டும் செல்கிறது எனக் கொள்வோம். ஒவ்வொருவருக்கும் சரியாக இரண்டு குழந்தைகள். ஆணோ பெண்ணோ பிறக்கச் சம வாய்ப்பு. ஒருவருக்கு இரண்டும் பெண்ணாகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று, அதாவது 25 விழுக்காடு. பேரர் தலைமுறைக்குள் அவர் பெயர் அற்றுப்போகும் வாய்ப்பு ஏறத்தாழ 39 விழுக்காடு. கொள்ளுப்பேரர் தலைமுறைக்குள் 48 விழுக்காடு. மக்கள்தொகை சிறிதும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகள் பிறந்துகொண்டே இருக்கிறார்கள். பெயர் மட்டும் செத்துக்கொண்டிருக்கிறது. பெருங்கூட்டத்திற்கு இது பொருட்டன்று. ஒருவர் வழி அற்றால் வேறு நூறு பேர் அப்பெயரைச் சுமப்பர். கொரியாவில் ஐவரில் ஒருவர் 'கிம்'. அப்பெயருக்கு என்ன கவலை? ஒரு பட்டத்தைச் சுமப்பவர் பத்துப் பேர்தாம் என்றால் நிலைமை வேறு.

இதனோடு நம் நாட்டு நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். செட்டிப் பெண் சீனரை மணந்தால் பிள்ளைகள் சீனக் குலப்பெயர் பெறுவர். மதம் மாறி மணந்தால் பெயரமைப்பே மாறிவிடும். தமிழரை மணந்தால் பிள்ளைக்குத் தந்தையின் பெயர் மட்டுமே ஒட்டும். எவரும் இதில் குற்றவாளி அல்லர். அவரவர் வாழ்க்கை அவரவர் விருப்பம். ஆனால் இத்தனை வாயில்கள் வழியே பெயர் வெளியேறிக்கொண்டிருக்கும்போது, "அதையும் வைத்திருக்க வேண்டுமா?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்பாரானால், அவர் எஞ்சியதையும் வெளியே தள்ளுகிறார். நான் அறிந்த பள்ளி ஒன்றில், மாணவி ஒருத்தி தன் தாய்வழிப் பாட்டனாரின் பெயரைக் குடும்ப மரத்தில் 'நாயக்கர்' என்று முடித்து எழுதியிருந்தாள். ஆசிரியர் சிவப்பு மையால் அச்சொல்லை அடித்திருந்தார். சாதி ஒழிப்பு என்று அவர் எண்ணியிருக்கலாம். அந்தப் பிள்ளையின் தாள்களில் அச்சொல் இருந்த ஒரே இடம் அதுதான்.

நாம் செய்ய வேண்டியவை

குறை கூறுவதோடு நில்லாமல், ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சிலவற்றை முன்வைக்கிறேன்.

ஒன்று: பெயரைத் திருத்தாதீர்கள். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், சந்திப்பிழையைத் திருத்துங்கள். பெயர் கட்டுரையன்று. பிறப்புச் சான்றிதழில் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே எழுதச் செய்யுங்கள். தமிழில் அதன் சரியான வடிவத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதாதீர்கள். நம் பாட்டன்மார் பெயர்களைத் தோட்டத்துக் கிராணிமார் காதில் விழுந்தபடி எழுதி வைத்ததன் தொல்லையை இன்றும் அனுபவிக்கிறோம். உடன்பிறந்தோர் இருவர்க்கு இருவேறு எழுத்துக்கூட்டல் இருப்பதால் சொத்துரிமைப் படிவங்களுக்கு அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாமும் அந்தக் கிராணியின் வேலையைச் செய்ய வேண்டா.

இரண்டு: தாய்வழியையும் எழுதச் சொல்லுங்கள். குடும்ப மரம் ஒற்றைக் கிளையில் வளராது. தாயின் தந்தை பெயர், தாயின் தாய் பெயர், அவர் பிறந்த ஊர் ஆகியவற்றை எழுதினால், மகன்வழியில் அற்றுப்போகும் பெயர் ஏட்டிலாவது நிற்கும். பெற்றோர்களே, வீட்டில் முதியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அவர் போனபின் இணையம் சொல்லாது.

மூன்று: வரலாற்றைச் சாதிப்பெருமையாக்காமல் சொல்லிக்கொடுங்கள். "இது இன்ன சாதிப் பட்டமாக இருந்தது, அதனால் இன்ன கொடுமை நிகழ்ந்தது, ஆகவே நம் பெரியவர்கள் அதனை விட்டனர், மலாக்காவில் அது வேறு பொருள் பெற்று நிலைத்தது" என்று நான்கு வரியில் சொல்லிவிடலாம். மறைத்தால் பிள்ளை அதனை வேறிடத்தில் பெருமையாகக் கற்றுக்கொண்டு வரும். உண்மையைச் சொன்னால் பட்டத்தின் நஞ்சும் தெரியும், பெயரின் வரலாறும் தெரியும்.

நான்கு: மலாக்காவுக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள் ஆ பாமோசாவோடும் கடைத்தெருவோடும் திரும்பிவிட வேண்டா. பொற்கொல்லர் தெருக் கோயிலுக்கும் காஜா பேராங்கிற்கும் மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ளவர்களிடம், "ஏன் தமிழ் பேசவில்லை?" என்று கேட்கும்படி மாணவர்களை விடாதீர்கள். "இத்தனை நூற்றாண்டுகள் இதனை எப்படிக் காத்தீர்கள்?" என்று கேட்கப் பழக்குங்கள். அந்தக் கேள்விக்கு வரும் விடை நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படும் நாள் தொலைவில் இல்லை.

தமிழர் இந்நாட்டுக்கு வந்தேறிய கூலிகள் என்று எவரேனும் இழித்துரைக்கும்போது நாம் கொதித்தெழுகிறோம். கடாரத்தையும் சோழரையும் சான்றுக்கு அழைக்கிறோம். கல்லும் ஏடும் வேண்டியதில்லை; சுல்தான்கள் காலத்திலிருந்து அறுபடாமல் வரும் சான்று மலாக்காவில் உயிரோடு நடமாடுகிறது. அது பிள்ளை என்றும் படையாச்சி என்றும் தன் பெயரைச் சொல்கிறது. அந்தச் சான்றை நாமே சிவப்பு மையால் அடித்துவிட்டு, பிறகு எவரிடம் போய் வரலாற்று உரிமை கேட்பது?

எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை குடும்ப மரம் உங்கள் மேசைக்கு வரும்போது, சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பிள்ளையிடம் பெயரின் கதையைக் கேளுங்கள்.

வாழ்க தமிழ்!